குழந்தைகளின் இறுதி நாள்களும் செவிலியரின் மனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் 23 ஆண்டுகள் தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் செவிலியராகப் பணியாற்றியவள்; அவற்றுள் பெரும்பகுதி குழந்தைகள் புற்றுநோய் வார்டிலும் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் கழிந்தது. இப்போது பயிற்சி வகுப்புகள் எடுக்கிறேன். வகுப்பு நடக்கும்போது வரும் கேள்விகள் மருந்தளவு, மூச்சு எண்ணிக்கை, பதிவேடு பற்றியவை. வகுப்பு முடிந்து எல்லோரும் தேநீர் குடிக்கப் போன பிறகு ஓரமாக வந்து நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் கேள்விகள் வேறு வகை. அவற்றையே இங்கே தொகுத்திருக்கிறேன். குழந்தைகளையும் குடும்பங்களையும் யாரும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியுள்ளேன்.

இறுதிக்காலப் பராமரிப்பு என்றால் சிகிச்சையைக் கைவிடுவது என்று பொருளா?

இல்லை. பெற்றோரைவிடச் செவிலியர்களே பல நேரங்களில் இப்படிப் புரிந்துகொண்டிருப்பதால் இதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1998-இல் குழந்தைகளுக்கான வலிதணிப்புப் பராமரிப்பை வரையறுத்தபோது, அது நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே தொடங்க வேண்டும் என்றும், நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொடர வேண்டும் என்றும், குழந்தையின் உடலையும் மனத்தையும் கவனிப்பதோடு குடும்பத்தைத் தாங்குவதும் அதில் அடங்கும் என்றும் கூறியது. இறுதிக்காலப் பராமரிப்பு அந்தப் பாதையின் கடைசிப் பகுதி.

நம் வகுப்புகளில் யாரும் சொல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். 1967-இல் லண்டனில், குணமாகாத நோயாளிகளை இறுதிவரை பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர் காப்பகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், மருத்துவராவதற்கு முன் செவிலியராகப் பயிற்சி பெற்றவர். 1982-இல் ஆக்ஸ்போர்டில் குழந்தைகளுக்கென்றே திறக்கப்பட்ட முதல் காப்பகமான ஹெலன் ஹவுஸைத் தொடங்கிய கன்னியாஸ்திரி பிரான்சிஸ் டொமினிக்காவும் செவிலியரே. மூளைக்கட்டியால் பாதிக்கப்பட்ட ஹெலன் என்ற சிறுமியின் பெற்றோருடன் அவருக்கு ஏற்பட்ட நட்பிலிருந்து பிறந்த வீடு அது. இந்தத் துறை டாக்டர்கள் நமக்கு இறக்கிவைத்த சுமை என்று எண்ண வேண்டியதில்லை. இதன் அடித்தளத்தில் நம் கை இருக்கிறது.

பெரியவர்களின் இறப்பைவிடக் குழந்தையின் இறப்பு நம்மை ஏன் இவ்வளவு உலுக்குகிறது?

பேரன் பேத்தி எடுத்தவர் இறந்தால் கல்யாணச் சாவு என்று சொல்லி, மேளம் கொட்டி வழியனுப்ப நமக்கு ஒரு முறை இருக்கிறது. குழந்தை இறந்தால் 'பச்சை மண்ணு' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வதைத் தவிர ஊருக்கு வேறொன்றும் தெரியாது. அந்த வாயடைப்பு வார்டிலும் இருக்கிறது.

ஆனால் செவிலியருக்கு அதைவிடப் பெரிய காரணம், பழகிய காலத்தின் நீளம். இரத்தப் புற்றுநோய்க்கான முழுச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீடிக்கும். மூன்று வயதில் இடுப்பில் தூக்கிவரப்பட்ட குழந்தை, நம் கண்ணெதிரிலேயே பால்பல் விழுந்து, ஊசிப்பெட்டியின் அட்டையில் தன் பெயரை எழுதப் பழகி, 'இன்னைக்கு நீங்க நைட்டா, டேயா?' என்று நம் டியூட்டியை விசாரிக்கும் அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. எந்தக் கையில் நரம்பு கிடைக்கும், எந்தப் பாட்டைப் பாடினால் கையை நீட்டும், தயிர்சாதத்தில் சர்க்கரை போட்டால்தான் இறங்கும் என்பதெல்லாம் நமக்குத்தான் தெரியும். ஊரில் இருக்கும் அதன் சித்தப்பாவுக்கோ அத்தைக்கோ தெரியாது. ஆனால் குழந்தை இறந்தால் துக்கம் விசாரிப்பது அவர்களிடம். நம்மிடம் யாரும் விசாரிப்பதில்லை.

துக்கத்தைப் பற்றி ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989-இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். சமூகம் ஏற்றுக்கொள்ளாத, வெளிப்படையாக அனுசரிக்க இடம் தராத துக்கத்தை அவர் 'உரிமை மறுக்கப்பட்ட துக்கம்' என்ற பொருள்படும் சொல்லால் குறித்தார். செவிலியரின் துக்கம் அந்த வகையில் சேரும். உறவு இல்லாததால் தீட்டும் இல்லை, விடுப்பும் இல்லை. இறந்த குழந்தையின் படுக்கைக்கு ஒரு மணி நேரத்தில் அடுத்த குழந்தை வந்துவிடுகிறது.

பெற்றோர் முன்னிலையில் அழலாமா?

அழலாம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர், 'கண்ணீர் வந்தால் டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போய்விடு, வார்டில் நிற்காதே' என்று விதித்திருந்தார். அவர் கடுமையானவர் அல்லர். அவரும் அந்த அறைக்குப் போய் வருவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தலைமுறைக்கு அதுவே ஒழுக்கமாகக் கற்பிக்கப்பட்டிருந்தது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் இரவில், ஆறு வயதுப் பையன் ஒருவனின் கண்களை மூடிவிட்டு அவன் கையில் மருந்து ஏற்றுவதற்காக நரம்பில் செருகியிருந்த கேனுலா குழாயை எடுத்துக்கொண்டிருந்தபோது, பிளாஸ்திரி சட்டென்று உரிந்து வரவில்லை. அவன் உயிரோடு இருந்தபோது பிளாஸ்திரி உரிப்பதற்குத்தான் ஊசியைவிட அதிகம் பயப்படுவான். தேங்காயெண்ணெய் தடவி மெதுவாக எடுத்தால்தான் விடுவான். நான் பழக்கத்தில் எண்ணெய்ப் பாட்டிலைத் தேடினேன். தேடியெடுத்து, தடவி, மெதுவாகவே உரித்தேன். அப்போதுதான் அழுகிறேன் என்பது எனக்கே தெரிந்தது. அவன் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாதம் கழித்து ஒரு சான்றிதழுக்காக வந்தவர், என்னைத் தேடி வந்து, 'என் பையனுக்காக அழுதீங்களே சிஸ்டர், அதை நான் ஊருல எல்லார்கிட்டயும் சொன்னேன்' என்றார்.

எனக்குத் தெரிந்த ஒரே வரம்பு இதுதான்: தாய் தன் துயரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு நம்மைத் தேற்ற வேண்டிய நிலை வரக்கூடாது, அடுத்து செய்ய வேண்டிய வேலைக்குக் கை நடுங்கக்கூடாது. அந்த நிலை வரும்போல் இருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போவது கடமை தவறியதாகாது.

எனக்கு அழுகையே வருவதில்லை. என் மனம் கல்லாகிவிட்டதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே அதற்காக வருந்துகிறவர்கள். மனம் கல்லானவர் அப்படி வருந்திக்கொண்டு வந்து கேட்கமாட்டார். ஒரே வாரத்தில் மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்த வார்டில், நான்காவது இறப்பின்போது மனம் மரத்துப்போவது உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முறை. சிலருக்கு அழுகை பல நாள் கழித்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் வரும். என்னோடு பணியாற்றிய ஒருவருக்கு அது ஜவுளிக்கடையில், சிறுவர் சட்டைகள் தொங்கிய வரிசையின் நடுவே வந்தது.

ஆனால் மரத்துப்போன நிலை மாதக்கணக்கில் நீடித்து, உயிரோடு இருக்கும் குழந்தைகளின் அழுகையும் எரிச்சலை மட்டுமே தருகிறது, பெற்றோரின் கேள்விகள் தொல்லையாகத் தோன்றுகின்றன என்றால், அது வேறு. செவிலியர்களிடம் காணப்பட்ட இந்தத் தேய்மானத்தைக் குறிக்க 1992-இல் கார்லா ஜாய்ன்சன் என்ற செவிலியர் பயன்படுத்திய சொல்லைத் தமிழில் பரிவுச் சோர்வு எனலாம். அது குணக்கேடன்று. ஓய்வும் இடமாற்றமும் உதவியும் தேவைப்படும் நிலை.

குழந்தைக்குக் கடைசியாக வலியடக்கும் மார்ஃபின் கொடுத்தது நான்தான். அதனால்தான் இறந்ததோ என்ற எண்ணம் போகவில்லை.

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுவே. மிகக் குறைவாக வெளியே பேசப்படுவதும் இதுவே. தொடர்ந்து மருந்து பெறும் குழந்தைக்கு ஏதோ ஒரு வேளை மருந்து கடைசி வேளையாக அமையத்தான் செய்யும். அந்த வேளையில் யாரோ ஒருவர் டியூட்டியில் இருக்கத்தான் செய்வார். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மருந்து தரும் வார்டில், குழந்தை எப்போது இறந்தாலும் யாரோ ஒரு செவிலியர் அதற்கு முந்தைய நான்கு மணி நேரத்துக்குள் மருந்து கொடுத்தவராகவே இருப்பார்.

வலிக்கேற்பச் சிறிது சிறிதாக உயர்த்தி, எடைக்கு உரிய அளவில் கொடுக்கப்படும் மார்ஃபின் உயிரைப் பறிப்பதில்லை. இறக்கும் தறுவாயில் மூச்சு விட்டு விட்டு வருவதும், இடையில் நீண்டு நின்றுவிடுவதும், பிறகு மேல்மூச்சு வாங்குவதும் மார்ஃபினே பெறாத குழந்தைக்கும் நடப்பவை. அந்த மாற்றம் மருந்து கொடுத்த பத்தாவது நிமிடத்தில் தொடங்கினால், நம் மனம் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறது.

இந்த அச்சம் நம்மோடு மட்டும் நின்றதில்லை. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் இந்திய மருத்துவமனைகள் பல ஆண்டுகள் மார்ஃபினை வாங்கி வைக்கவே தயங்கின. 2014-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே உரிம நடைமுறை எளிதானது. இரட்டைப் பூட்டுப் பெட்டியையும், ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் இருவர் கையெழுத்திடும் பதிவேட்டையும் பார்த்தே வளர்ந்த தலைமுறைக்கு, அந்த மருந்தைத் தொடுவதே குற்றத்துக்கு அருகில் போவதுபோல் தோன்றியது. குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் தனியாக வெளியிடும் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் மார்ஃபின் இருக்கிறது என்பதைப் புதியவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒரு வழக்கத்தையும் பரிந்துரைக்கிறேன். பேச முடியாத குழந்தையின் வலியை முகம், கால்கள், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்தையும் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பிடும் முறை நம் வார்டுகளில் இருக்கிறது. மருந்துக்கு முன்னும் பின்னும் அந்த எண்ணைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். 'முன் 8, பின் 2' என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கும் வரி, பின்னொரு நாள் இரவு இரண்டு மணிக்கு இந்தச் சந்தேகம் வரும்போது உங்களுக்குப் பதில் சொல்லும். எனக்குச் சொல்லியிருக்கிறது.

பயனில்லை என்று தெரிந்தே குழந்தையின் மார்பை அழுத்தி உயிர்மீட்பு முயற்சி செய்ய நேர்ந்தது. இறப்பைவிட அதுதான் என்னை வருத்துகிறது. இது ஏன்?

உங்கள் அனுபவம் பலருடையது. இத்தனை ஆண்டுகளில் நான் கண்டது, செவிலியர்கள் குழந்தைகள் இறந்ததை நினைத்து உருக்குலைவதைவிட, அவர்கள் எப்படி இறந்தார்கள் என்பதை நினைத்தே அதிகம் உருக்குலைகிறார்கள் என்பது. வலியடங்கி, தாயின் மடியில் இறந்த குழந்தையை நினைத்தால் துக்கம் வரும். ஆனால் அந்த நினைவோடு வாழ முடியும்.

எனக்கும் ஒன்று இருக்கிறது. புற்றுநோய் நுரையீரல் வரை பரவிவிட்ட எட்டு வயதுச் சிறுமி. இனி எதுவும் செய்வதற்கில்லை என்று எல்லா மருத்துவர்களுக்கும் தெரிந்திருந்தும், அதைப் பெற்றோரிடம் யார் சொல்வது என்று முடிவாகாமலே நாள்கள் ஓடின. இதயம் நின்றபோது, எழுத்தில் வேறு முடிவு எதுவும் இல்லாததால், முழு முயற்சியும் தொடங்கப்பட்டது. 40 நிமிடங்கள் நடந்தது. பெற்றோர் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். அறையில் ஏழு பேர் இருந்தோம், பதினான்கு கைகள் இருந்தன; எல்லாக் கைகளும் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கிலும் மருந்திலும் மார்பிலும் இருந்தன. அவள் கையைப் பிடித்திருக்க ஒரு கைகூட இல்லை. இன்றைக்கும் எனக்கு நினைவு வருவது அவள் முகமன்று. கட்டிலிலிருந்து சரிந்து, அழுத்தம் விழும்போதெல்லாம் ஆடிக்கொண்டிருந்த அந்தக் கைதான்.

சரியானது எது என்று தெரிந்தும், அமைப்பின் தடைகளால் அதைச் செய்ய முடியாமல்போகும்போது எழும் வேதனையை 1984-இல் ஆண்ட்ரூ ஜேம்ட்டன் என்ற அறநெறி அறிஞர் செவிலியர் பணியை முன்வைத்தே விளக்கினார். அதை அறத் தவிப்பு என்று தமிழில் சொல்லலாம். இதற்கு மனவலிமை வகுப்புகளோ மூச்சுப்பயிற்சியோ மருந்தாகாது, ஏனெனில் கோளாறு செவிலியரின் மனத்தில் இல்லை. முடிவு உரிய காலத்தில் பேசப்பட்டு எழுதப்படாததில் இருக்கிறது.

எழுதுவதற்கு வழியே இல்லை என்பது இப்போது சரியான சாக்கும் அன்று. உயிர்மீட்பு முயற்சி வேண்டாம் என்ற முடிவை எப்படி எடுப்பது, எப்படிப் பதிவுசெய்வது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020-இல் வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது. உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்வது பற்றி உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்து, அதன் நடைமுறைகளை 2023-இல் எளிமையாக்கியது. முடிவு மருத்துவர்களும் பெற்றோரும் சேர்ந்து எடுப்பது. ஆனால் 'இந்தக் குழந்தையின் பெற்றோரிடம் பேசியாகிவிட்டதா, எங்கே எழுதியிருக்கிறது?' என்று காலை ரவுண்ட்ஸில் கேட்பதற்குச் செவிலியருக்கு முழு உரிமை உண்டு. நான் அன்று கேட்கவில்லை. பிறகு கேட்காமல் விட்டதில்லை.

'நான் செத்துப்போயிடுவேனா சிஸ்டர்?' என்று குழந்தையே கேட்டால் என்ன சொல்வது?

முதலில், கேட்டது காதில் விழாததுபோல் டிரிப்ஸைச் சரிசெய்யப் போகாதீர்கள். எல்லோரும் முதல்முறை அதைத்தான் செய்கிறோம்.

குழந்தைக்கு எதுவும் தெரியாது என்பது பெரியவர்களின் நம்பிக்கை. 1970-களில் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் இரத்தப் புற்றுநோய் கண்ட சிறு குழந்தைகளுடன் நாள்கணக்கில் இருந்து ஆராய்ந்த மானுடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர், யாரும் சொல்லாமலேயே அக்குழந்தைகள் தாங்கள் இறக்கப்போவதை அறிந்திருந்தார்கள் என்றும், பெற்றோர் தாங்கமாட்டார்கள் என்பதற்காகத் தெரியாததுபோல் நடந்துகொண்டார்கள் என்றும் காட்டினார். நம் வார்டிலும் அப்படித்தான். பக்கத்துக் கட்டில் காலியானதற்கு 'வீட்டுக்குப் போயிட்டான்' என்று நாம் சொல்லும் காரணத்தை, செருப்பு இன்னும் கட்டிலுக்கடியில் கிடப்பதைப் பார்த்தே குழந்தை நிராகரித்துவிடும்.

கேள்வியைத் திருப்பிக் கேட்பது உதவும்: 'ஏன் கண்ணு அப்படிக் கேக்குற?' பல நேரம் குழந்தையின் அச்சம் நாம் நினைப்பதாக இருக்காது. 'வலிக்குமா?', 'அம்மா கூடவே இருப்பாங்களா?', 'என் சைக்கிளைத் தம்பி எடுத்துக்குவானா?' என்பவையே அடியில் இருக்கும். 'வலிக்காம பாத்துக்குறேன், அம்மா உன் பக்கத்துலயேதான் இருப்பாங்க' என்று சொல்ல முடியும். அது பொய்யன்று, நிறைவேற்ற வேண்டிய வாக்கு. 'சீக்கிரம் சரியாயிடும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைச் சொன்ன பிறகு அந்தக் குழந்தை நம்மிடம் எதையும் கேட்பதில்லை என்பதைப் பார்த்திருக்கிறேன். குழந்தை கேட்டதைப் பெற்றோரிடமும் மருத்துவரிடமும் தெரிவிப்பது நம் பொறுப்பு. நாமே தனியாகப் பதிலெல்லாம் சொல்லி முடித்துவிடுவது நம் வேலையில்லை.

பெற்றோர் நம்மீது கோபப்படும்போதும், நமக்கே பெற்றோர்மீது கோபம் வரும்போதும் என்ன செய்வது?

டாக்டரிடம் காட்ட முடியாத கோபம் சிஸ்டரிடம் வந்து இறங்கும். விதியின் மேலுள்ள கோபமும் அப்படியே. ஊசி போடத் தாமதமானது, தண்ணீர்க் குடம் நிரப்பாதது என்று ஏதாவதொரு காரணத்தில் அது வெடிக்கும். பதில் பேசாமல் பக்கத்தில் நிற்பது பெரும்பாலும் போதும். கை ஓங்கப்பட்டாலோ, வசைச்சொல் விழுந்தாலோ அதைப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. துக்கம் அதற்கு அனுமதிச்சீட்டன்று.

நமக்கு வரும் கோபத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. வசதியான நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் குணமடைகிறார்கள். வருமானம் குறைந்த பல நாடுகளில் அது 30 விழுக்காட்டையும் தொடுவதில்லை. தாமதமான வருகை அதற்கு ஒரு முக்கியக் காரணம். கட்டி கண்ணுக்குத் தெரியும்வரை நாட்டு மருந்தும் வேப்பிலை மந்திரிப்பும் பார்த்துவிட்டு வருபவர்களைக் கண்டால் பல்லைக் கடிக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. ஒருமுறை அப்படி ஒரு தகப்பனிடம் கோப முகம் காட்டினேன். அவர் கூலி வேலையை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, மூன்று மருத்துவமனைகளுக்கு ஏற்கெனவே போயிருந்தார். மூன்றிலும் சத்து டானிக் எழுதித் தந்து அனுப்பியிருந்தார்கள். சீட்டுகளையெல்லாம் மஞ்சள் பையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக என் மேசைமேல் வைத்தார். அதன் பிறகு சீட்டைப் பார்க்காமல் நான் யார்மீதும் கோபப்படுவதில்லை.

கடைசி மணி நேரத்தில் செவிலியர் செய்யக்கூடியது என்ன?

நிறைய இருக்கிறது, அதுவே நமக்கும் பின்னாளில் ஆறுதல் தருகிறது. மானிட்டரின் அலாரத்தை நிறுத்தி, திரையை அணைத்துவிடலாம். அது ஓடிக்கொண்டிருக்கும்வரை பெற்றோரின் கண் குழந்தையின் முகத்தில் இருக்காது, எண்ணில்தான் இருக்கும். இனி தேவைப்படாத குழாய்களை மருத்துவரிடம் கேட்டு எடுத்துவிட்டால், குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வழி பிறக்கும். உதட்டை நனைக்கலாம். தொண்டையில் கரகரவென்று வரும் ஒலி குழந்தையை வருத்துவதில்லை என்பதையும், கால் சில்லிட்டுப் போவதும் தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறுவதும் ஏன் என்பதையும் முன்கூட்டியே பெற்றோருக்கு எளிய சொற்களில் சொல்லிவிட வேண்டும். அது நடக்கும்போது அவர்கள் பதறி ஓடிவராமல் குழந்தையோடு இருப்பார்கள்.

சடங்குகளுக்கு விதிப்புத்தகத்தைக் காட்டித் தடைபோடாதீர்கள். ஒரு பாட்டி, வாசலில் நின்றுகொண்டு, சின்னச் சங்கைக் கையில் மறைத்தபடி, 'தாயி, ஒரு சொட்டுப் பாலு ஊத்திக்கவா?' என்று என்னிடம் கேட்டார். வாய்வழி எதுவும் தரக்கூடாது என்று கட்டிலில் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அட்டைக்கு அப்போது அர்த்தமில்லை. பஞ்சில் நனைத்து உதட்டில் வைக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்றேன். அவர் வைத்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டார்.

உயிர் வீட்டில்தான் போக வேண்டும் என்று குடும்பம் விரும்பினால், எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவதோடு நம் வேலை முடிந்துவிடாது. வழியிலும் வீட்டிலும் வலி வந்தால் என்ன கொடுப்பது, எவ்வளவு, யாரைக் கூப்பிடுவது என்பதை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் வலிதணிப்புச் செவிலியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே தகவல் போய்ச் சேர வேண்டும்.

இறந்த பிறகு குழந்தையைத் துடைத்து உடுத்தும் வேலையைத் தாய் செய்ய விரும்புகிறாரா என்று கேளுங்கள். அரைஞாண் கயிறு, கொலுசு, தாயத்து ஆகியவற்றை அவர்கள் சொல்லாமல் அறுக்கவோ கழற்றவோ வேண்டாம். சிலர் அதோடு புதைக்க விரும்புவார்கள். சிலர் அதை மட்டும்தான் வீட்டுக்கு எடுத்துச்செல்ல விரும்புவார்கள்.

பிறந்து சில மணி நேரத்தில் இறக்கும் சிசுக்களின் இறப்பும் இதேபோல்தானா?

பழக்கம் குறைவு, ஆகவே துயரமும் குறைவு என்று பிறர் நினைக்கிறார்கள். பச்சிளங்குழந்தைப் பிரிவில் பணியாற்றியவர்கள் அதை ஏற்பதில்லை. தாய் வேறு தளத்தில் தையலோடு படுத்திருப்பதால், அந்தச் சிசுவை உயிரோடு கையில் வைத்திருந்த ஒரே ஆள் செவிலியராகவே இருந்துவிடுவதுண்டு. முடிந்தால் சக்கர நாற்காலியிலாவது தாயை வரவழைத்துக் கையில் கொடுங்கள். இரண்டு மூன்று நாளில் அவருக்குப் பால் கட்டும் என்பதையும், அதற்கு என்ன செய்வது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்; பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

குடும்பத்தோடு தொடர்பு வைத்துக்கொள்ளலாமா? இறுதிச்சடங்குக்குப் போகலாமா?

போக மனமும் வாய்ப்பும் இருந்தால், குடும்பமும் விரும்பினால், போகலாம். மருத்துவமனைக்கு வெளியே அந்தக் குழந்தைக்கு ஒரு தெருவும் பள்ளிக்கூடமும் இருந்ததைக் காண்பது சிலருக்கு நிம்மதி தருகிறது. பதினாறாம் நாளையொட்டி ஒரு தொலைபேசி அழைப்பு வார்டின் சார்பில் போவது நல்ல வழக்கம். சொந்த எண்ணை எல்லோருக்கும் கொடுப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நள்ளிரவு அழைப்புகளைப் பத்துக் குடும்பங்களுக்கு ஒருவரால் ஏற்க முடியாது.

டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போனால் என் குழந்தையைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

என் மகளுக்குக் காலில் சாதாரணமாக நீலம் பாய்ந்திருந்ததைப் பார்த்து, மறுநாளே இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனவள் நான். மட்டைப்பந்து பட்ட காயம். குழந்தைகள் புற்றுநோய் வார்டில் வேலை செய்யும் தாய்மார்களிடம் கேட்டுப் பாருங்கள், இப்படி ஒரு கதையாவது இருக்கும். நாம் பார்க்கும் உலகத்தில் காய்ச்சலோடு வருபவர்கள் எல்லோரும் பெரிய நோயோடு வருகிறார்கள். வெளியே அப்படி இல்லை என்பதை அறிவுக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

சாவு வீட்டுக்குப் போய்வந்தால் வாசலிலேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டு உள்ளே வருவது நம் வழக்கம். தொற்றுக்காக எப்படியும் குளிக்கத்தான் போகிறோம். அந்தக் குளியலை எண்ணத்தோடு செய்வது சிலருக்கு உதவுகிறது. பஸ்ஸில் கண்ணை மூடி அமர்ந்து, குறிப்பிட்ட நிறுத்தம் வரை அந்தக் குழந்தையை நினைப்பது, அதன் பிறகு வீட்டுக் காய்கறிக் கணக்கை நினைப்பது என்று வைத்திருந்தார் ஒரு தோழி. எல்லா நாளும் பலிக்கவில்லை என்பதையும் அவரே சொல்வார்.

தனி மனிதர்களை விடுங்கள், வார்டு என்ன செய்ய வேண்டும்?

முதல் தேவைக்குச் செலவில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜொனாதன் பார்ட்டெல்ஸ் என்ற செவிலியர், இறப்பு அறிவிக்கப்பட்டதும் அறையில் இருப்பவர்கள் எல்லோரும் இறந்தவருக்காகச் சிறிது நேரம் மௌனமாக நிற்கும் வழக்கத்தைத் தொடங்கினார். இப்போது பல நாடுகளில் அதைப் பின்பற்றுகிறார்கள். எங்கள் வார்டில் முயன்றபோது, அட்டெண்டரும் துப்புரவுப் பணியாளரும்தான் அதை மிக இயல்பாக ஏற்றுக்கொண்டார்கள். நேரமில்லை என்று சொன்னவர்கள் வேறு.

இரண்டாவது, இறந்த குழந்தையைக் கவனித்த செவிலியருக்கே அடுத்த மோசமான கேஸை ஒதுக்காமல் இருப்பது. 'நீதானே அனுபவசாலி' என்ற ஒரு சொல் எத்தனை நல்ல செவிலியர்களை வேறு துறைக்கு ஓடவைத்திருக்கிறது என்று எந்த நிர்வாகமும் எண்ணிப் பார்ப்பதில்லை. மூன்றாவது, நடந்ததைப் பேச ஒரு கூட்டம். பாஸ்டனில் 1995-இல் புற்றுநோயால் இறந்த கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற வழக்கறிஞரின் பெயரால், மருத்துவர் முதல் பணியாளர் வரை எல்லோரும் அமர்ந்து நோயாளியைப் பற்றியல்லாமல் தங்கள் மனநிலையைப் பற்றிப் பேசும் அமர்வுகள் நடக்கின்றன. நம் ஊரில் அத்தனை ஏற்பாடு இல்லாவிட்டாலும், ஷிப்ட் மாறும்போது பத்து நிமிடம் கதவைச் சாத்திக்கொண்டு அமர முடியும். தவறு கண்டுபிடிக்கும் தணிக்கைக் கூட்டத்தோடு இதைக் கலக்கக்கூடாது. கலந்தால் அடுத்த முறை யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

எப்போது வெளி உதவியை நாட வேண்டும்?

சில வாரங்களுக்கு மேலாகத் தூக்கம் கெட்டிருந்தால், அதே காட்சி திரும்பத் திரும்பக் கனவில் வந்தால், வார்டு வாசலை நெருங்கும்போதே நெஞ்சு படபடத்தால், மாத்திரையோ மதுவோ இல்லாமல் இரவு கழியாது என்ற நிலை வந்தால், வாழ்வதில் பொருளில்லை என்று தோன்றினால் காத்திருக்க வேண்டாம். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். 'செவிலியராக இருந்துகொண்டு நாமே போவதா' என்ற வெட்கம் இருக்கும். ஊசி போடுகிறவருக்கும் காய்ச்சல் வரும்.

எங்கள் வார்டில் மாணவிச் செவிலியர் ஒருவர் முதல்முறையாகக் குழந்தையின் இறப்பைப் பார்க்கப் போகிறார். எப்படி நடத்துவது?

இருக்க விருப்பமா என்று முதலில் கேளுங்கள், பலர் கேட்பதில்லை. இருப்பதாகச் சொன்னால், ஒரு வேலையைக் கொடுங்கள். வெந்நீர்ப் பாத்திரத்தைப் பிடிப்பது, குழந்தையின் சட்டையை மடித்து வைப்பது போன்ற ஏதாவதொன்று. கை சும்மா இருந்தால் பயம் கூடும். என்ன நடக்கும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்: உடல் கனமாகத் தோன்றும், திருப்பும்போது நெஞ்சிலிருந்து காற்று வெளியேறி முனகல்போல் ஒலி வரலாம், அது உயிர் இருப்பதற்கு அடையாளமன்று. இதைச் சொல்லாததால் 19 வயதுப் பெண் ஒருத்தி கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். அவள் வேலையை விட்டதும் அந்த வாரம்தான்.

வேலை முடிந்ததும் பதிவேட்டை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவளை உட்காரவைத்து ஏதாவது சாப்பிடச் செய்யுங்கள். அன்று மாலை அவளை விடுதிக்குத் தனியாக அனுப்பாதீர்கள். அதே பக்கம் போகும் யாரையாவது கூட அனுப்புங்கள். மறுநாள் அவள் வந்ததும், எதையும் விசாரிக்காமல், அந்த வார்டில் குணமாகி வீட்டுக்குப் போகவிருக்கும் குழந்தை ஒன்றின் கட்டிலை அவளுக்கு ஒதுக்குங்கள்.